செயலாளர் மாற்றிய ஒரே வரி

எங்கள் ஊர்க் கல்லூரிச் செயலாளர் தில்லைராஜனுக்கு மச்சினர் மகன் ஒருவன். மதிப்பெண் குறைவு, ஆனாலும் அந்தத் துரைக்கு சீட் வேண்டுமாம். அதற்கு, தகுதியுள்ள பவளக்கொடியின் பெயர் போக வேண்டும். சேர்க்கைப் பட்டியலைத் தானாகப் போடும் எக்செல் மேக்ரோ என்ற குட்டி நிரலை எழுதியவள் தற்காலிக கிளார்க் அருள்செல்வி. யாராவது பொறுப்பேற்று டிஜிட்டல் கையெழுத்து போட்டிருந்தால்தான் அது ஓடும்; அதில் இருந்தது அவளுடையது.

"ஒரு வரி மாத்துறேன். உன் கையெழுத்து அப்படியே இருக்கணும். இல்லேன்னா வேலைக்கே வராதே," என்றார் செயலாளர் அவளிடம்.

"தாராளமா மாத்துங்க, சார்."

மாற்றினார். சேமித்தார். மறுநாள் தேர்வுக் குழு முன்னால் மிடுக்காகத் திறந்தார். கையெழுத்து இல்லை என்று மேக்ரோ ஓட மறுத்தது.

"ஏய், என்ன பண்ணித் தொலைச்சே?"

"நான் தொடவே இல்லை, சார். ஒரு எழுத்தை மாத்தினாலும் பழைய கையெழுத்து போயிடும்."

"அப்போ புதுசா போடு!"

"நான் எழுதினதுக்கு நான் போடுவேன். நீங்க எழுதின வரிக்கு நீங்க போடுங்க. உங்க பேர்லயும் டிஜிட்டல் கையெழுத்துச் சான்றிதழ் இருக்கே."

குழுவில் இருந்த கல்லூரி முதல்வர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "எந்த வரி, சார்?"

செயலாளர் அவசரமாகக் கோப்பை மூடினார். அருள்செல்வி கையெழுத்திட்டு நகல் வைத்திருந்த பழைய கோப்பே ஓடியது. பவளக்கொடிக்கு சீட் கிடைத்தது. அடுத்த நாள் அருள்செல்வி வேலைக்கு வந்தாள், அதுவும் செயலாளருக்கு முன்னாலேயே.