சடை நிழல்

திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரி. அங்கே எக்ஸ்ரே படம் பார்த்து நோய் சொல்வது அமலோற்பவம் டாக்டரின் வேலை. பூபதி அவரிடம் தொழில் பழக வந்திருந்தான். கெட்டிக்காரன்தான். ஆனால் "தெரியவில்லை" என்று சொல்ல மட்டும் அவனுக்கு நாக்கு எழாது.

வந்த புதிதில், ஒரு பெண்ணின் நுரையீரல் உச்சியில் வெள்ளையாக ஒரு நிழலைப் பார்த்துக் காசநோய் என்று எழுதிவிட்டான். அமலோற்பவம் அவளைக் கொண்டை போட்டுக்கொள்ளச் சொல்லி மறுபடியும் படம் எடுத்தார். நிழலைக் காணோம். தோளில் கிடந்த சடைதான் படத்தில் நோயாக விழுந்திருந்தது. பாவம், பூபதி அன்று மத்தியானம் சாப்பிடவே இல்லை.

சூடு கண்ட பூனை ஆயிற்றே. தவமணி என்ற பெண்ணுக்கு இன்று காலை எடுத்த படத்தில் அதே இடத்தில் அதே மாதிரி நிழல்.

"சடை, மேடம். நார்மல்னு எழுதிடறேன்."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

"ஆளைப் பாத்தியா?"

"படத்தைப் பாத்தேன்."

அமலோற்பவம் எழுந்து வெளியே நடந்தார். பூபதியும் பின்னால் போனான்.

தவமணி முக்காடு போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மடியில் கைக்குழந்தை வீறிட்டு அழுதது.

"முக்காட்டைக் கொஞ்சம் எடும்மா."

எடுத்தாள். சந்தனம் பூசிய மொட்டைத் தலை.

"இருமல் நிக்கணும்னு சமயபுரத்தாளுக்கு நேர்ந்துக்கிட்டேன், டாக்டரம்மா. முந்தாநாள்தான் முடி குடுத்தேன்."

பூபதிக்கு முகம் செத்துப்போனது. மேடத்தின் காதருகே குனிந்தான்.

"அப்ப காசநோய்தான், மேடம்."

"இருக்கலாம். எப்பவோ ஆறிப்போன தழும்பாவும் இருக்கலாம். சளி டெஸ்ட் பண்ணாத்தான் தெரியும்."

தவமணி இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நெஞ்சுல என்னமோ இருக்குன்னு படம் எடுத்தவங்க பேசிக்கிட்டாங்க. புள்ளைக்கு ஒட்டிக்குமோன்னு காலையிலேருந்து பால் குடுக்கலை. குடுக்கலாமா, டாக்டரம்மா?"

அவள் ரவிக்கை நனைந்திருந்தது.

அமலோற்பவம் பையிலிருந்து புது மாஸ்க் ஒன்றை எடுத்துத் தாமே அவள் முகத்தில் மாட்டிவிட்டார்.

"குடும்மா. இதைக் கழட்டாமக் குடு. டெஸ்ட் வந்ததும் மத்ததைப் பாத்துக்கலாம்."

தவமணி திரும்பி உட்கார்ந்து மாராப்புக்குள் குழந்தையை அணைத்துக்கொண்டாள். அழுகை நின்றது.

அறைக்கு வந்தபிறகும் பூபதிக்கு மனசு ஆறவில்லை.

"நோய் என்னன்னே நமக்கு இன்னும் தெரியாது, மேடம். எப்படிக் குடுன்னு சொன்னீங்க?"

"நமக்குத் தெரியற வரைக்கும் புள்ளை பசி தாங்குமா, பூபதி?"