பாதிச் சோற்றில் எழுந்தவள்

ரசம் ஊற்றிக்கொண்டிருந்த மாசிலாமணியின் கை அப்படியே நின்றுவிட்டது.

"அம்மா! அந்தப் பொண்ணு எழுந்திரிச்சுட்டா!"

அடுப்படி வாசலில் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்த மடத்து அம்மா தலை நிமிரவில்லை. வயதில் மாசிலாமணிக்கு இளையவர். ஆனாலும் அவர்தான் குரு.

"எங்க போறா?"

"வெளிய. மரத்துத் தூளியில பிள்ளை கத்துது."

கைப்பிள்ளையோடு மலைப்பாதையில் நடந்து வந்தவள் அவள். பேர் பூரணி. காலையிலிருந்து பச்சைத்தண்ணிகூடக் குடிக்கலை என்று கூச்சத்தோடு சொல்லிவிட்டுத்தான் பந்தியில் உட்கார்ந்தாள். இப்போது பாதிச் சோறு இலையிலேயே கிடக்கிறது.

அந்த மடத்தில் ஒரே ஒரு சட்டம்தான். கடைசி ஆள் சாப்பிட்டு முடிக்கும்வரை பந்தியில் யாரும் எழக்கூடாது. எழுந்தால் இலையை எடுத்துவிடுவார்கள். அன்றைக்குச் சாப்பாடு அவ்வளவுதான்.

மாசிலாமணி இலையை மடிக்கக் குனிந்தார்.

"இருங்கண்ணே. யாருக்காகப் போட்ட சட்டம் அது?"

"நீங்கதானேம்மா போட்டீங்க? நம்ம சடையாண்டி ஐயாவுக்குப் பல்லு கிடையாது. மத்தவங்க எழுந்ததும் கூச்சப்பட்டு அவரும் அரைவயித்தோட எழுந்துக்கிட்டிருந்தார். அதுக்குத்தான்."

"அப்ப அவரையே கேட்டுருங்க."

மாசிலாமணி பெரியவர் முன்னால் போய் நின்றார்.

"ஐயா, இந்தப் பொண்ணு எழுந்து போனது உங்களுக்கு..."

"நல்லதாப் போச்சு! பிள்ளை போட்ட சத்தத்துல எனக்குச் சோறு தொண்டையிலயே நின்னுபோச்சு. இப்பத்தான் இறங்குது. இன்னும் ரெண்டு கரண்டி வைப்பா."

பந்தியே சிரித்தது.

அம்மா எழுந்து வந்தார். பூரணியின் இலையில் ஈ மொய்க்காமல் இன்னொரு இலையைக் கவிழ்த்து மூடினார். மறுபடி பூசணிக்காயிடம் போய்விட்டார்.

பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பூரணி திரும்பி வந்தபோது பெரியவர்கூடச் சாப்பிட்டு முடித்திருந்தார். அத்தனை காலி இலைகளையும் பார்த்து அவள் வாசலிலேயே தயங்கினாள்.

வரிசையில் ஒருத்தன் இலையை மடித்துவிட்டு, கையை ஊன்றி எழப் பார்த்தான்.

"உட்காருய்யா!"

மாசிலாமணி போட்ட அதட்டலில் பிள்ளைக்கே தூக்கிவாரிப்போட்டது.

"கடைசி ஆள் இன்னும் முடிக்கலைல்ல?"

அவன் உட்கார்ந்தான். பூரணியும் உட்கார்ந்தாள். மூடியிருந்த இலையை எடுத்துப் பார்த்து, யாருக்கும் தெரியாமல் சிரித்துக்கொண்டாள்.

மாசிலாமணி வாளியோடு அம்மாவிடம் ஓடினார். முகமெல்லாம் பூரிப்பு.

"அம்மா, அப்ப இத்தனை நாளும் நான் காப்பாத்தினது வெறும் சட்டத்தைத்தான், ஆனா நான் காப்பாத்த வேண்டியது..."

"அண்ணே," பூரணியின் குரல் மெல்லக் கேட்டது, "இங்க கொஞ்சம் ரசம்."