மீசையான் பார்த்த கடல்

செம்பாறை நாட்டை ஒரு காலத்தில் மணிமார்பன் என்ற ராஜா ஆண்டான். எந்தக் காலம் என்று கேட்காதீர்கள். கதைக்கு அது வேண்டாம்.

ராஜாவுக்குக் கதைப் பைத்தியம். ஒரு கதை பிடித்துவிட்டால் சிம்மாசனத்துக்குப் பக்கத்தில் தொங்கும் வெண்கல மணியை அடிப்பான். அடித்துவிட்டால் அந்தக் கதை நடந்ததாகவே அர்த்தம். அதற்கு மாறாகச் சொன்னவர் நாட்டை விட்டுப் போகவேண்டும். கிறுக்குச் சட்டம்தான். ராஜாவிடம் யார் சொல்வது?

ஆவுடை என்ற கதைக்காரி சொன்ன நெருப்புமீசையான் கதைக்கு மணி எப்போதோ அடித்தாயிற்று. மீசையான் தண்ணீரில்லாத பாலையில் பிறந்தவன். தாகத்துக்குத் தாயைப் பறிகொடுத்தவன். பறக்கும் எருமையில் ஏறிப் போய் அரக்கனைக் கொன்று, கடைசியில் முதன்முதலாகக் கடலைப் பார்க்கிறான். "இவ்வளவு தண்ணீரா, அம்மா!" என்று மண்டியிட்டு அழுகிறான். அந்த இடத்தில் சபையே அழும். ராஜாவின் மைத்துனன் சேந்தன் மட்டும் அழுததில்லை. சரியாக அந்த நேரத்துக்குத்தான் அடுக்களையில் வடை வேகும். எழுந்து போய்விடுவான்.

ஒருநாள் ராஜா, "மீசையான் சின்ன வயதில் என்ன செய்தான்? எனக்கு முன்கதை வேண்டும்" என்றான்.

ஆவுடை வாயைத் திறக்குமுன் சேந்தன் குதித்தான். அவளுக்குக் கிடைக்கும் மரியாதையில் அவனுக்கு நெடுநாள் வயிற்றெரிச்சல்.

"நான் சொல்கிறேன் அத்தான்!"

மீசையான் பாலகனாக இருந்தபோதே ஏழு கடலையும் நீந்தினானாம். திமிங்கிலத்தோடு மல்லுக்கட்டினானாம். ராஜா சொக்கிப்போய் மணியை அடித்துவிட்டான்.

சபை திருதிருவென்று விழித்தது. ஆவுடை கேட்டாள்: "மகாராஜா, ஏழு கடல் நீந்தினவன் பிறகு கடலைப் பார்த்து ஏன் அழுவான்?"

கடைசியில் கடல் வரும் என்பதே சேந்தனுக்கு அப்போதுதான் தெரியும். ஆனாலும் விடவில்லை.

"முன்னால் நடந்ததுதான் உண்மை. பின்கதை அதற்கு ஒத்துப்போகவேண்டும். போகாவிட்டால் பொய். பொய் சொன்னவள் நாட்டை விட்டுப் போகட்டும்!"

ராஜா தலையைச் சொறிந்தான். "இரண்டுக்கும் மணி அடித்துவிட்டேன், ஆனால் முன்னால் நடந்ததற்கு மாறாக நிற்பது இவள் கதைதான். சட்டப்படி அப்படித்தானே வருகிறது, மந்திரியாரே?"

ஆவுடையின் முகம் வெளுத்தது. செம்பாறையை விட்டால் அவளுக்கு வேறு ஊர் கிடையாது.

மந்திரி பூதலிங்கம் எழுந்தார். "வரட்டும் மகாராஜா. அதற்குமுன் நானும் ஒரு முன்கதை சொல்கிறேன். நம் சேந்தருடைய முன்கதை."

சேந்தன் நெஞ்சை நிமிர்த்தினான். "பலே! சொல்லுங்கள்!"

"அக்காள் மகாராணி ஆவதற்கு முன் சேந்தர் மலையில் தவமிருந்தார். தேவி தோன்றி, 'என்ன வேண்டும்?' என்றாள். 'ஒன்றும் வேண்டாம் தாயே. பொன்னைத் தொடமாட்டேன். அரண்மனைச் சோறு தின்னமாட்டேன். ஆசனத்தில் உட்காரமாட்டேன். வரப்போகும் அத்தானின் புகழ் ஒன்றே போதும்' என்று சத்தியம் செய்தார். உண்மைதானே, சேந்தரே?"

"அதையெல்லாம் நான் வெளியே சொல்லிக்கொள்வதில்லை" என்றான் சேந்தன்.

ராஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு மணியை அடித்தான்.

"நல்லது" என்றார் பூதலிங்கம். "ஆசனத்தை விட்டு எழுந்திருங்கள். தோள்வளையைக் கழற்றுங்கள். அடுக்களைக்குச் சொல்லிவிடுகிறேன், இனி உங்களுக்கு வடை கிடையாது."

"என்ன அநியாயம்! இத்தனை வருஷம் நான் தின்றது ஊருக்கே தெரியுமே!"

"அது பின்கதை. பொய்."

"ஐயோ, சத்தியம் நீங்கள் இப்போது கட்டிவிட்டது! இன்றைக்குக் கட்டின கதைக்காக நான் வாழ்ந்த வாழ்க்கை பொய்யாகுமா?"

பூதலிங்கம் ஆவுடையைக் கை காட்டினார்.

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தான். "மைத்துனா, தீர்ப்பை நீயே சொல்லிவிட்டாய். மீசையான் அழுதது அழுததுதான். மணி அவசரப்பட்டது. நானும்தான்."

மணியின் நாக்கைக் கழற்றச் சொன்னான். பூதலிங்கத்துக்கு முத்துமாலை. ஆவுடைக்குச் சேந்தனுடைய ஆசனம். சேந்தனுக்குத் தரை. முழுக்கதையையும் கேட்கவேண்டும், நடுவில் எழக்கூடாது.

ஆவுடை சொன்னாள். பாலை வந்தது. எருமை பறந்தது. அரக்கன் செத்தான். அடுக்களையிலிருந்து வடை வாசம் வந்தது. சேந்தன் அந்தப் பக்கம் திரும்பினான். அதற்குள் கடல் வந்துவிட்டது.

"இவ்வளவு தண்ணீரா, அம்மா!"

வடை ஆறிப்போயிற்று. சேந்தன் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தான்.