உட்கார்ந்து சுட்ட புலி

மேலக்காடு ஜமீனில் துப்பாக்கிகளைத் துடைத்து எண்ணெய் போடுகிறவன் வேலாண்டி. பிறவியிலேயே இரண்டு காலும் சூம்பிப்போனவன். ஆயுத பூஜையன்று, கட்டித் தொங்கவிட்ட பானையைக் குறிபார்த்துச் சுடும் போட்டியில் ஒரே ஒரு தடவையாவது சுட்டுவிட வேண்டும் என்று அவனுக்குக் கொள்ளை ஆசை.

அந்த வருஷம் தவழ்ந்து வந்து பேர் கொடுத்தான். ஜமீன்தார் மீசையை முறுக்கினார்.

"நின்னு சுடுறவன்தான்டா வீரன். உட்கார்ந்து சுட்டா அது சுட்டதாவே சேராது!"

"உத்தரவு எஜமான்" என்ற வேலாண்டி, கூட்டத்தைப் பார்த்து, "கூடத்துச் சுவர்ல இருக்கிற புலித்தோலை யாராச்சும் கழட்டுங்கப்பா!" என்றான்.

"அதை எதுக்குடா கழட்டணும்?"

"எஜமான் அதை யானை மேல உட்கார்ந்துதானே சுட்டீங்க? அப்ப அந்தப் புலி இன்னும் சாகலையே. உசிரோட தொங்கவிடலாமா?"

கூட்டம் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியது. ஜமீன்தாருக்கே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"இவனுக்கு ஒரு நாற்காலி போடுங்கடா!"

"நாற்காலி எதுக்கு எஜமான்? நானும் யானை மேலயே உட்கார்ந்துக்கிறேன்."

பூஜைக்கு அலங்கரித்து நின்ற யானைமேல் தூக்கி உட்காரவைத்தார்கள். முதல் குண்டிலேயே பானை சிதறியது. வேலாண்டி இறங்கினால்தானே?

"அடுத்த பானையைக் கட்டுங்கப்பா!"

ஜமீன்தார் கீழே நின்று, தோட்டாவை எட்டி எட்டி நீட்டிக்கொண்டிருந்தார்.