மாட்டுக்கு ஸ்கீ பூட்டின அருளம்பலம்

பழஞ்சாமான் திருத்திற அருளம்பலம் அண்ணையின்ரை கையிலை ஒரு வேலையைக் குடுத்தால், முதல்லை தொடங்கிறது அவரின்ரை வாய்தான். இது தெரிஞ்சும் பகீரதன் அவரை வீட்டுக்குக் கூட்டிவந்தான் எண்டால், அவனுக்கு வேறை வழியில்லை.

சுவிசிலை மலையடி ஊரொண்டிலை, தச்சுப் பட்டறையிலை அவனுக்கு வேலை. முதலாளி முதல் தடவையா, "நாளைக்கு எங்களோடை மலையேறி ஸ்கீயிலை இறங்க வாறியோ?" எண்டு கேட்டுப்போட்டு, தன்ரை பழைய ஸ்கீச் சோடியையும் குடுத்துவிட்டார். சப்பாத்தைப் பிடிக்கிற பூட்டு முதலாளியின்ரை பெரிய காலுக்கு அளவா நிண்டுது. பகீரதன்ரை சப்பாத்து அதுக்குள்ளை லொடலொடத்துது. ஸ்கீக் கடைக்காரனோ, "பழசு, நாங்கள் கை வைக்க மாட்டம்" எண்டிட்டான். நாளைக்குப் போகாட்டி முதலாளி இனிக் கூப்பிடார். 

"இதெல்லாம் ஒரு வேலையே தம்பி?" அண்ணை ஸ்குரூ டிரைவரை எடுத்தார். எடுத்தாரே தவிரத் திருகேல்லை. "நான் வந்த புதுசிலை ஒரு வெள்ளைக்காரன் வந்தான். அவன்ரை சப்பாத்து எண்டால் கட்டுமரம். திருகத் திருகக் குதிகாலைப் பிடிக்கிற பூட்டு ஸ்கீயின்ரை வாலைத் தாண்டிப் போட்டுது. பிறகு கதவொண்டைக் கழட்டிப் பின்னாலை ஒட்டித்தான் ஆளை அனுப்பினனான்."

"ஆரின்ரை கதவு?" பகீரதன்ரை மனிசி சுகிர்தா பால் விடாத பிளேன்ரீயோடை வந்து நிண்டா.

"அவன்ரை வீட்டுக் கதவுதான். இண்டைக்கும் அவன் மலையுச்சிக்குப் போய்த்தான் கதவைத் திறக்கிறான்."

"அண்ணை, கொஞ்சம் திருகிக்கொண்டே சொல்லுங்கோவன்," எண்டான் பகீரதன்.

அண்ணை ரெண்டு சுத்துத் திருகினார். "விவாகரத்துக்குப் போற புருசன் பெண்சாதிக்கு ஒரே ஸ்கீயிலை பூட்டினனான். முன்னுக்கு அவள், பின்னுக்கு அவன். வக்கீலோடை ஏறினதுகள், பிள்ளைக்குப் பேர் யோசிச்சுக்கொண்டு இறங்கிச்சுதுகள்."

"அப்ப வக்கீல்?"

"அவர் நடந்து வந்தவர்."

ஒருமாதிரிச் சப்பாத்து டக்கெண்டு பூட்டுக்குள்ளை இறங்கிச்சுது. பகீரதனுக்குப் போன உயிர் திரும்பி வந்துது. காலை அசைச்சுப் பாத்தான். விரல் பக்கம் அப்பிடியே இருக்க, குதி மட்டும் பூட்டோடை சேந்து பலகையை விட்டு எழும்பிச்சுது. இப்பிடியே இறங்கினால் முகம்தான் முதல்லை வீடு வந்து சேரும்.

"நீளம் பிழை," எண்டு அண்ணை இறுக்கினார். எழும்பிச்சுது. இளக்கினார். அப்பவும் எழும்பிச்சுது. கை தடுமாறத் தடுமாறக் கதை பெருத்துது.

"சப்பாத்தை விடு, நான் மாட்டுக்கே பூட்டினனான். நாலு குளம்புக்கும் நாலு ஸ்கீ. விடிய மலையுச்சிக்கு ஏறிப் புல்லு மேஞ்சு, பின்னேரம் சறுக்கிக்கொண்டு வரும். வந்த குளிருக்கு மடியிலை கை வைச்சால் பாலில்லை, ஐஸ்கிரீம். கண்ணாணை."

"பனிக்குள்ளை புல்லு எங்காலை?" எண்டா சுகிர்தா.

"அதுதானே பிள்ளை, வெள்ளையா வந்துது. பச்சைப் புல்லைத் திண்டிருந்தால் பிஸ்தா எல்லோ."

பகீரதன் நேரத்தைப் பாத்தான். நாளைக்கு முதலாளியின்ரை முகத்திலை எப்பிடி முழிக்கிறது?

சுகிர்தா குனிஞ்சு பாத்தா. குதிக்குப் பின்னாலை ஒரு லீவர். ஒரு பக்கம் மலை ஏறுற மனுசன்ரை படம், மற்றப் பக்கம் சறுக்கி இறங்கிறவன்ரை படம். லீவர் ஏறுறவனிலை நிண்டுது. மற்றப் பக்கம் தட்டிவிட்டா. பகீரதன் குதியை எத்தினை தரம் இழுத்தும் அது பலகையை விட்டு அசையேல்லை. அவன் சிரிச்சே போட்டான்.

"அண்ணை," எண்டா சுகிர்தா, "அந்த மாட்டுக்கு நாலு காலிலையும் இதைத் தட்டிவிட்டனீங்களோ?"

"ஏன் பிள்ளை?"

"தட்டாட்டி அது இன்னும் மேலைதான் நிக்கும்."

அண்ணை பிளேன்ரீயை ஆறுதலா ஒரு மிடறு குடிச்சார்.

"நானும் யோசிச்சனான், இந்த வருசம் ஐஸ்கிரீம் ஏன் இப்பிடி விலை ஏறிப்போச்சு எண்டு."