தகரத்தில் மோதிய பந்து

தகரத்தில் பந்து மோதும் சத்தம். நாற்பத்தைந்து வருடங்களுக்குப் பிறகும் அது என் காதில் இருக்கிறது.

எங்கள் பெண்கள் கல்லூரி மைதானத்தில் கோலுக்கு வலை கிடையாது. ஒரு கோலுக்குப் பின்னால் பருத்திக்காடு. இன்னொன்றுக்குப் பின்னால் விடுதிச் சமையல்கூடம். அதன் சுவர் தகரம். உள்ளே போன பந்து அதில் மோதும். நடுவர் விசில் ஊதுமுன் சமையல்கார சூசையம்மாவின் குரல் வரும்.

"அடியே, நாலாச்சு!"

அந்த ஆண்டு கால்பந்துப் போட்டிகள் எங்கள் மைதானத்தில்தான் நடந்தன. ஆறு ஆட்டம் ஆடி ஆறிலும் தோற்றோம். முப்பத்தொரு கோல் வாங்கினோம். ஒன்றும் போடவில்லை.

கோல் காத்தவள் பூரணம். அணித்தலைவியும் அவளே. ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் பின்னால் போய்ப் பந்தை எடுத்து வருவாள். அடிமேல் அடி வைத்து வருவாள்.

"பொண்ணு பார்க்க வந்தவங்களுக்குக் காப்பி கொண்டுபோற மாதிரி நடக்கிறா பாரு" என்பாள் சூசையம்மா.

நாங்கள் யாரும் அவளை அவசரப்படுத்தியதில்லை.

ஏழாவது ஆட்டம்தான் கடைசி. அதற்கு முந்தின நாள் மாலை பூரணம் ஒரு கடிதம் எழுதினாள், நாளை எங்கள் அணி ஆட வராது என்று. பதினொரு பேரும் கையெழுத்துப் போட்டோம். பயிற்சியாளர் ரெஜினா மிஸ்ஸின் கையெழுத்து மட்டும் பாக்கி.

மிஸ் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். கடிதத்தை வாங்கிப் படித்தார். மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"எதுக்கு மிஸ் இன்னொரு ஆட்டம்?" என்றாள் பூரணம். "இன்னும் அஞ்சு வாங்கவா?"

"கோல்ல போய் நில்லு."

நின்றாள். மிஸ் கொசுவத்தைத் தூக்கிச் செருகி ஒரே உதை. தகரம் அதிர்ந்தது.

"இன்னைக்குமா?" என்று உள்ளேயிருந்து கேட்டாள் சூசையம்மா.

"பந்தைக் கொண்டா" என்றார் மிஸ்.

பூரணம் கொண்டுவந்தாள். மெதுவாக.

"ஏன் இப்படி நடக்கிறே?"

பூரணம் எங்களைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"நேரம் போகட்டும்னுதான் மிஸ். இழுத்துக்கிட்டே வந்தா ஒரு கோலாவது குறையும்."

"குறைஞ்சுதா?"

"தெரியல மிஸ்."

"கோல் விழுந்தா பந்து எங்க போகும்?"

"நடுவுக்கு."

"யார் உதைக்கணும்?"

"வாங்கினவங்க. நாமதான்."

"போட்டவங்க?"

"வட்டத்துக்கு வெளியே நிப்பாங்க. நாம தொடுற வரைக்கும் உள்ள வரக்கூடாது."

மிஸ் இடுப்பிலிருந்த கடிதத்தை எடுத்து அவளிடம் நீட்டினார். கையெழுத்து இல்லை. சுண்ணாம்பு படிந்த விரல் தடம் இருந்தது.

"முப்பத்தொரு தடவை அவங்க வெளியே காத்து நின்னாங்க, பூரணம். நீ யாரோட நேரத்தை இழுத்தே?"

பூரணம் கை நீட்டி வாங்கிக்கொண்டாள். கடிதத்தை அவள் என்ன செய்தாள் என்று எனக்குத் தெரியாது.

மறுநாள் ஏழு கோல் வாங்கினோம். ஒரே ஆட்டத்தில் அவ்வளவு வாங்கியதே இல்லை. ஏழு தடவையும் பூரணம் பந்தோடு நடுவட்டம் வரை மூச்சிரைக்க ஓடிவந்து வைத்துவிட்டுத் திரும்பி ஓடினாள். ஐந்தாவது தடவை அவள் வைத்த பந்தில் நாங்கள் ஒரு கோல் போட்டோம்.

அது பருத்திக்காட்டுப் பக்கம். சத்தமே வரவில்லை. ஆட்டம் முடிந்ததும் சமையல்கூடத்துக்கு நாங்களே போய்ச் சொல்லவேண்டியிருந்தது.

"சும்மா சொல்லாதீங்கடி" என்றாள் சூசையம்மா.

பூரணம் அதற்குப் பிறகு எந்தக் கோலிலும் நிற்கவில்லை. தபால் இலாகா தேர்வில் மூன்று தடவை தவறி, நான்காவது தடவை தேறினாள். சாத்தூர்ப் பக்கம் ஒரு சிற்றூரில் போஸ்ட் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றாள்.