பதில் வராத எழுபத்தாறு

சீடருக்கு ஐம்பத்தொரு வயது. குருவுக்கு முப்பத்தாறு. அந்த ஆய்வகத்தில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சீடரின் பெயர் வைரக்கண்ணு. பதினெட்டு வருடம் ஒரு தியேட்டரில் படம் ஓட்டினார். தியேட்டரை இடித்துக் கல்யாண மண்டபம் கட்டிவிட்டார்கள். இங்கே கண்ணாடிப் பாத்திரம் கழுவ வந்தார். கழுவிக்கொண்டே பார்த்தார். பார்த்தே கற்றுக்கொண்டார். இப்போது எலி மூளையைச் சீவலாக அரிந்தெடுப்பதில் அவர் கைக்கு அங்கே இணை கிடையாது.

குரு, டாக்டர் ஜெபசெல்வி. மூளையில் ஹிப்போகாம்பஸ் என்கிற பகுதியை ஆராய்கிறவர். கடல்குதிரைபோல வளைந்திருக்கும். புது நினைவுகள் முதலில் அங்கேதான் பதியும் என்பார்கள்.

அன்று பதினொரு மணிக்கு, உப்புநீரில் கிடந்த ஒரு சீவலில் ஒற்றைச் செல்லைக் கண்ணாடி ஊசியால் பிடித்தார் குரு. அந்தச் செல்லுக்குச் செய்தி கொண்டுவரும் நரம்பு இழை ஒன்றை மின்சாரத்தால் மெல்லத் தட்ட வேண்டும். பத்து நொடிக்கு ஒரு தட்டு, மொத்தம் நூறு. ஒவ்வொரு தட்டுக்கும் செல் என்ன பதில் சொல்கிறது என்று கம்ப்யூட்டர் ஒரு கோடு வரையும். பதில் வந்தால் கோட்டில் ஒரு பள்ளம் விழும்.

"கிளாஸுக்குப் போயிட்டு வந்துடறேண்ணே. பாத்துக்குங்க."

"போயிட்டு வாங்க டாக்டர்."

திரும்பி வந்து பார்த்தபோது திரையில் இருபத்துநாலு கோடுகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் அழகாக ஒரு பள்ளம்.

"மீதி எழுபத்தாறு எங்கண்ணே?"

"அதுல ஒண்ணுமில்ல டாக்டர். வெறும் கோடு. துடைச்சிட்டேன்."

"துடைச்சிட்டீங்களா?"

"வெத்துப் பிலிமை வெட்டி எறிஞ்சாத்தானே படம் ஒழுங்கா ஓடும்."

"திருப்பி எடுக்க முடியுமா?"

"முடியாது. சுத்தமாத்தான் துடைச்சேன்."

சொல்லும்போதே அவர் குரல் இறங்கிவிட்டது. குரு கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"நாலு வருஷமா எங்கூட இருக்கீங்க. நான் சொல்லாம ஒரு பட்டனைத் தொட்டதில்ல. இன்னைக்கு என்ன ஆச்சு?"

உப்புநீரில் காற்றுக் குமிழிகள் வந்து வந்து உடைந்துகொண்டிருந்தன. சீடர் கொஞ்ச நேரம் அதையே பார்த்தார்.

"ஒரு கேள்வி கேக்கலாமா டாக்டர்?"

"கேளுங்க."

"இங்கேர்ந்து செய்தி போயிடுது. அந்தப் பக்கம் ஒண்ணும் நடக்கல. அப்ப போன செய்தி எங்கதான் போச்சு?"

"இந்த இழையைக் கேக்கறீங்களா? இல்ல வேற எதையாவதா?"

சீடர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார்.

"தேன்மொழிக்குக் குழந்தை பிறந்து இருபது நாளாச்சாம். மீன்கடையில ஒருத்தர் சொல்லித்தான் எனக்குத் தெரியுது. ஆணா பொண்ணான்னு அவர்கிட்ட எப்படிக் கேக்கறது? என் மகள் அவ."

குரு நாற்காலியை அவர் பக்கம் திருப்பினார்.

"ரெண்டு வருஷம் முன்னாடி அவளுக்குப் பிடிச்சவனைக் கட்டிக்கிட்டா. நான் கல்யாணத்துக்குப் போகல. வாசல்ல வந்து நின்னா. இனிமே எனக்கு போன் பண்ணாதேன்னுட்டேன்."

"பண்ணலையா?"

"பண்ணவே இல்ல டாக்டர். சின்ன வயசுல ஒரு சொல் கேக்க மாட்டா. இதை மட்டும் கேட்டுட்டா."

இருவரும் கொஞ்சம் சிரித்தார்கள். சீடரின் சிரிப்பு பாதியில் நின்றது.

"இன்னைக்குக் காலையில மாடிப்படியில நின்னு அவளுக்கு போன் போட்டேன். என்ன பேசணும்னு மூணு நாளா சொல்லிப் பாத்து வச்சிருந்தேன். முழுசா அடிச்சு ஓய்ஞ்சுது. எடுக்கல."

"அப்புறம்?"

"நம்பரை அழிச்சிட்டேன். ஒரு தடவை கூப்பிட்டாச்சு. இனி எம்மேல குறை இல்ல."

குரு எழுந்து மைக்ராஸ்கோப்பில் கண் வைத்தார்.

"செல் இன்னும் பிடியில இருக்குண்ணே. ஒரு மணி நேரம் தாங்கும். மறுபடியும் நூறு எடுப்போம். இந்தத் தடவை ஒத்தைத் தட்டு வேண்டாம். தட்டிட்டு, ஒரு நொடியை இருபதாப் பிரிச்சா அதுல ஒரு பங்கு நேரம் விட்டு, இன்னொரு தட்டு."

"பத்து நொடிக்கு ஒரு ஜோடி."

"ஆமா. கையை மட்டும் கட்டிக்குங்க."

சீடர் எந்திரத்தை ஜோடித் தட்டுக்கு மாற்றினார். நிஜமாகவே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

முதல் ஜோடிக்கு ஒன்றுமில்லை. அடுத்ததற்கும் இல்லை. மூன்றாவதில், முதல் தட்டுக்குக் கோடு அசையவில்லை. இரண்டாவது தட்டுக்குப் பள்ளம் விழுந்தது.

"இழையோட முனை வரைக்கும்தான் மின்சாரம் வரும். அதுக்கப்புறம் இடைவெளி. அதைத் தாண்டிப் போறது எது?" என்று கேட்டார் குரு.

"முனையில கால்சியம் வாசல் இருக்கு. மின்சாரம் வந்தா அது திறக்கும். கால்சியம் உள்ள வந்தா மருந்துப் பை உடையும். செய்தியைச் சுமக்கற அந்த மருந்துதான் இடைவெளியைத் தாண்டும். நீங்க சொல்லிக் கொடுத்ததுதானே."

"ஒவ்வொரு தடவையும் பை உடையுமா?"

"இல்ல. நாலுக்கு ஒண்ணு."

"உடையாதப்போ என்ன ஆகுது?"

"வாசலே திறந்திருக்காது."

குரு திரையைக் காட்டினார். "பாருங்க."

பதினேழு நிமிடம் ஓடியது. கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. நூறு முடிந்ததும் குரு சொன்னார்:

"முதல் தட்டுக்குப் பதில் வந்ததையெல்லாம் ஒதுக்கிடுங்க. வராததை மட்டும் எடுங்க."

சீடர் எடுத்தார். "எழுபத்துநாலு."

"அந்த எழுபத்துநாலுல, ரெண்டாவது தட்டுக்கு?"

விரலைத் திரையில் வைத்து ஒவ்வொன்றாக எண்ணினார். நம்பாமல் இன்னொரு முறை எண்ணினார்.

"முப்பத்தஞ்சு. பாதிக்குக் கிட்ட வருது டாக்டர்."

"ஒத்தையாத் தட்டினப்போ நாலுக்கு ஒண்ணுதானே. முதல் தட்டுக்குப் பை உடையல. பதில் இல்ல. வெறும் கோடு. அப்ப ரெண்டாவது தட்டுக்குக் கைகொடுத்தது யாரு?"

சீடர் நெடுநேரம் திரையைப் பார்த்தார்.

"வாசல் திறந்திருக்கு."

"ம்."

"கால்சியம் உள்ள வந்திருக்கு. பை உடையற அளவுக்குப் பத்தல. ஆனா வெளியே போகாம அங்கயே நின்னிருக்கு."

"ம்."

"அதைத்தான் நான் துடைச்சிருக்கேன்."

சீடர் திரையில் ஒரு வெறும் கோட்டைத் தொட்டார்.

"எவ்வளவு நேரம் டாக்டர் அது உள்ள நிக்கும்?"

"இங்கயா? ஒரு நொடிகூட நிக்காது. செல் எல்லாத்தையும் வெளியே இறைச்சிடும். அதுக்கப்புறம் தட்டினா முதல்லேர்ந்துதான்."

"மனுசங்களுக்கு?"

"அதை அளக்க என்கிட்ட ஊசி இல்லண்ணே. எத்தனை மணிக்குக் கூப்பிட்டீங்க?"

"ஒம்பதரைக்கு."

குரு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். சீடரும் பார்த்தார். பன்னிரண்டரை ஆகியிருந்தது.

"நம்பரைத்தான் அழிச்சிட்டேனே."

"மறந்துட்டீங்களா?"

சீடர் யோசிக்கவே இல்லை. பத்து எண்களையும் சொல்லிவிட்டார்.

எழுந்து சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கதவு வரை போனவர் அங்கேயே நின்றார்.

"ரெண்டாவதையும் எடுக்கலேன்னா?"

குரு திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வெறும் கோடு வரும்ணே. அழிக்காம கொண்டு வாங்க."